பித்தளை வாய்

மதிய இடைவேளை விட்ட கொஞ்ச நேரத்தில், கோர்ட்டுக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் ஒரு குரல் இடி மாதிரி விழுந்தது. தூண் தலைகளில் அடைந்திருந்த புறாக்கள் மொத்தமாக எழுந்து குவிமாடத்துக்குள் படபடத்துச் சுற்றின. தகப்பன் பெயரை முன்னால் வைத்து, ஆளின் பெயரை இழுத்து, கடைசி எழுத்தில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தியது அந்தக் குரல். அப்படிக் கூப்பிடுகிறவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். டவாலி.

ஆனால் டவாலி அப்போது மாடியில் தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் வாய் நிறைய வெந்நீர் இருந்தது.

விழுங்கத் தோன்றவில்லை. துப்பவும் தோன்றவில்லை. ஃபிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். குரல் இரண்டாம் தரம் கூப்பிட்டது. அவருடைய குரல்தான். இப்போது தொண்டையில் கிடக்கிற உமிக்கரகரப்பு இல்லை. தெருமுனை டீக்கடையில் நிற்கிறவனையும் திரும்ப வைத்த பழைய குரல்.

"யோவ் டவாலி, என் பேரையா கூப்பிடுற?" கீழே வாசல் தாழ்வாரத்திலிருந்து குடை வக்கீல் கேட்டார். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெயர். வழக்குத்தான் வருவதில்லை. தினமும் கறுப்புக் கோட்டோடு வந்து, தூணோரம் உட்கார்ந்து, சாயந்திரம் கோட்டை உதறிக்கொண்டு போவார். "கட்சிக்காரன் பேரைக் கூப்பிடுவ. இப்ப வக்கீலையும் கூப்பிட ஆரம்பிச்சுட்டியா? நான் என்னய்யா குத்தம் பண்ணேன்?"

டவாலி வெந்நீரை விழுங்கிவிட்டு எழுந்து, மாடத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, இல்லை என்று கையை ஆட்டினார். நான் கூப்பிடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

குரல் மூன்றாம் தரம் கூப்பிட்டது.

"ஆஜர்! ஆஜர்ப்பா! யார் கூப்பிட்டா என்ன, என்னையும் ஒரு கோர்ட்டு கூப்பிடுதே!" குடை வக்கீல் சிரித்துக்கொண்டே டீ டம்ளரைத் தூணடியில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

அவர் படியேறும் சத்தத்துக்காக டவாலி காத்திருந்தார். பொதுஜனங்கள் ஏறும் படி அகலமான கல் படி. அதில் செருப்பு சொத்சொத்தென்று விழும். இப்போது கேட்டது அந்தச் சத்தம் இல்லை. இரும்பு. கிணறு மாதிரி ஒடுங்கிய இடத்தில், இரும்புப் படி ஒவ்வொன்றாக முனகும் சத்தம். அது சுவருக்குள்ளிருந்து வந்தது.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவன் மனிதனை மனிதனோடு சேரவிடக் கூடாது என்று நினைத்தவன் போலிருக்கிறது. நீதிபதிக்குத் தனியாக ஒரு மரப்படி. ஜனங்களுக்குக் கல் படி. கைதிக்கு, போர்ட்டிகோ ஓரத்துச் சின்னக் கதவு வழியாக நுழைந்து, நிலவறையில் இறங்கி, அங்கிருந்து சுவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மேலேறி, நேராகக் கோர்ட்டு ஹாலின் கூண்டுக்குள் தலையை நீட்டும் இரும்புச் சுருள்படி. மூன்று படிகளும் ஒன்றையொன்று எங்கும் தொடாது. செங்கல்லுக்குள் நரம்பு ஓடுகிற மாதிரி ஓடி, ஹாலில் மட்டும்தான் சந்திக்கும். கைதிகளை வேனில் கொண்டுவந்து வாசல் வழியாகவே ஏற்றத் தொடங்கி ரொம்பக் காலம் ஆகிவிட்டது. சின்னக் கதவு துருவேறி நிலையோடு ஒட்டிப்போயிருந்தது. கூண்டுக்குள் இருந்த பொறிக்கதவை ஆணியடித்து மூடியிருந்தார்கள்.

டவாலி ஹாலுக்குள் போனார். நீளமான ஜன்னல்களின் பச்சை, சிவப்புக் கண்ணாடி வழியாக வந்த மழைநாள் வெளிச்சம், காலி நாற்காலிகள் மேல் சீக்காளி நிறத்தில் படிந்திருந்தது. பழைய வார்னிஷ் வாசனை. ஈரக் காகித வாசனை. அதற்கடியில் இன்னொன்று, ரொம்ப நாள் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அது. ஹாலில் யாரும் இல்லை.

கூண்டின் கம்பியில் குடை தொங்கிக்கொண்டிருந்தது. லேசாக ஆடிக்கொண்டு.

பக்கத்து அறையில் பெஞ்ச் கிளார்க்கம்மா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். "ஏண்ணே, லிஸ்ட்டுல இல்லாத பேரெல்லாம் கூப்பிடுறீங்க?"

"நான் கூப்பிடலம்மா." காதருகே குனிந்துதான் சொல்ல முடிந்தது. "வக்கீல் இந்தப் பக்கம் வந்தாரா?"

"சாப்பாட்டு வேளையில யாரு வருவா? நீங்க கூப்பிடலன்னா உங்க தொண்டை மட்டும் தனியா வந்து கூப்பிட்டுச்சா? உங்க குரல் எங்களுக்குத் தெரியாதா?" அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "போய்க் கொஞ்சம் படுங்கண்ணே. நாளைக்கு ஆபரேஷனை வெச்சுக்கிட்டு எதுக்கு இன்னைக்கு வந்தீங்க?"

எதற்கு வந்தார்? வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். அப்புறம் அவன்தான் நிற்பான். அதுதான் பயம். பல மாதமாகவே தொண்டைக்குள் ஏதோ ஒன்று குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தது. குரல்நாணில் கட்டி என்றார் டாக்டர். எடுத்த பிறகு குரல் திரும்பி வருமா என்று கேட்டதற்கு, பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "பார்க்கலாம்" என்றார். குரல் இல்லாத டவாலியை வைத்துக்கொண்டு கோர்ட்டு என்ன செய்யும்? இத்தனை வருஷம் நின்று நின்று முழங்கால் தேய்ந்தது. கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்தது. மிச்சம் இருப்பது பெயர்களைக் கூப்பிடத் தெரியும் என்ற ஒன்றுதான்.

அந்த மிச்சத்தைக் காப்பாற்றத்தான் நேற்று அவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அவர் நின்று கூப்பிடுகிற மாடம், கல் படி முடிகிற இடத்தில் கூடத்தை எட்டிப்பார்த்துக்கொண்டு இருக்கும். தலைக்கு மேல் சிப்பி மாதிரி குடைந்த கல் கூரை. குரலை வாங்கி முன்னால் எறிவதற்காகச் செதுக்கியது. பக்கச் சுவரில், வாய் உயரத்துக்கு, ஊமத்தம்பூ மாதிரி விரிந்த ஒரு பித்தளைக் குழாய். சுவருக்குள் கிளை பிரிந்து எல்லாத் தாழ்வாரத்துக்கும், நிலவறைக்கும், கோபுரத்துக்கும் போகிறதாம். ஒலிபெருக்கி இல்லாத காலத்து ஏற்பாடு. அவர் வேலைக்குச் சேரும்போதே அதன் வாயில் மரத்தக்கை அடித்து, மேலே ஈயம் ஊற்றி மூடியிருந்தது. ஏன் என்று அவர் கேட்டதில்லை. பழைய கட்டடத்தில் எதைத்தான் மூடவில்லை?

நேற்றுக் காலை ஒரு கட்சிக்காரன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தும் அவர் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. வழக்கு அவனுக்கு எதிராகப் போய்விட்டது. அவன் அழுததைப் பார்த்துவிட்டு, மதியம் ஆளில்லாத நேரத்தில் டவாலி ஸ்க்ரூடிரைவரால் ஈயத்தைப் பெயர்த்தார். தக்கை இரண்டாக உடைந்து வந்தது. உள்ளேயிருந்து சில்லென்று ஒரு காற்று, வெகுநேரம் அடக்கிவைத்த மூச்சு மாதிரி, அவர் கன்னத்தில் பட்டது. அடுத்த வழக்குக்கு அதன் வாயில் உதட்டை வைத்துக் கிசுகிசுத்தார். கட்டடமே அதிர்ந்தது. "டவாலிக்கு வயசு திரும்புதுடோய்!" என்று குடை வக்கீல் கீழேயிருந்து கத்தினார். டவாலிக்குக் கண் கலங்கிவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

இன்று மதியம் முழுவதும் அந்தக் குழாயின் பக்கமே போகவில்லை. தள்ளி நின்று, சொந்தத் தொண்டையால் கூப்பிட்டார். "சத்தமா கூப்பிடுங்க சாமி, எங்களுக்கு ஒண்ணும் விளங்கல," என்று கீழே முணுமுணுத்தார்கள். குழாய் சும்மா இருந்தது. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருப்பவன் மாதிரி. தூணடியில் வக்கீலின் டீ ஆறி, மேலே ஆடை படிந்து, ஒரு ஈ அதில் செத்து மிதந்தது.

கோர்ட்டு கலைந்தது. மழை வலுத்தது. கிளார்க்கம்மா தன் குடையை விரித்துக்கொண்டே, "நல்லபடியா முடியும்ணே. ஒரு மாசம் வாயத் திறக்காதீங்க, அண்ணிக்கு நிம்மதியா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களும் போனார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பூட்டுவது அவர் வேலை. பூட்டிவிட்டு வாசலில் நிற்க வேண்டும். மனைவி பையோடு வருவாள். இருவரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அட்மிட் ஆக வேண்டும்.

காலையில் அவள் பையில் துண்டு, டம்ளர் எல்லாம் அடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஏங்க, ஊர்ல இருக்கிறவன் பேரையெல்லாம் தொண்டை கிழியக் கூப்பிட்டீங்க. என் பேரை ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கீங்களா? எப்பப் பாத்தாலும் 'இந்தா, இந்தா'ன்னு. நான் என்ன, கைமாத்துற சாமானா?"

"நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா கூண்டுல ஏறணும்டி," என்று அவர் காற்றுக்குரலில் சொன்னார். "பரவாயில்லையா?"

"ஏறிட்டுப் போறேன். இந்த வீட்டைவிட அங்க காத்தோட்டமா இருக்கும்."

அவளுக்கும் பயம்தான். பயந்தால் அவளுக்கு வாய் நிற்காது.

டவாலி படியேறி மாடத்துக்கு வந்தார். போவதற்கு முன் அந்த வாயை அடைத்துவிட வேண்டும். உடைந்த தக்கை நிற்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார், துணி எதுவும் இல்லை. தோளில் குறுக்காகப் போட்டிருந்த சிவப்புப் பட்டையை, பித்தளை வில்லையோடு கழற்றினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது இல்லாமல் அவர் இந்த மாடத்தில் நின்றதில்லை. பந்தாகச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தார். கட்டைவிரலால் அழுத்தினார். நன்றாகத்தான் அடைத்துக்கொண்டது.

பட்டை மெல்ல அசைந்தது.

உள்ளே போயிற்று. விரலை விட்டு, ஒரே சீராக, அவசரமில்லாமல். மறுமுனையில் யாரோ உட்கார்ந்து நூல்கண்டு சுற்றுகிற மாதிரி. வில்லை பித்தளையில் ஒருமுறை டிங்கென்று தட்டியது. பிறகு வெகு கீழே இன்னொரு முறை.

அவர் பின்னால் நகர்ந்தார். முதுகு ஹாலின் கதவில் இடித்தது. பூட்டிய கதவு. அவரே பூட்டியது. அது திறந்துகொண்டது.

பச்சை வெளிச்சம் போய்விட்டிருந்தது. சிவப்பு மட்டும் இருந்தது. ஜன்னலோரம் மழை வழிய, அதன் நிழல் ஹால் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் ஆட்கள் நின்றார்கள்.

ஒருவர் நிற்கும் கூண்டு அது. அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு, தோளோடு தோள் உரச, நீதிபதி மேடையைப் பார்த்தபடி நின்றார்கள். ஆண்கள். பெண்கள். அவர் பார்த்தேயிராத பழைய மாதிரிக் கோட்டுகள். யார் முகத்திலும் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிறவர்களின் களைப்பு. எல்லோருடைய வாயும் திறந்து திறந்து மூடியது. ஒரே நேரத்தில். சத்தம் இல்லை. கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டு. குடை வக்கீல். அவர் வாயும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆஜர். ஆஜர். ஆஜர்.

வக்கீல் கொஞ்சம் நகர்ந்தார். பக்கத்தில் இருந்தவளும் நகர்ந்தாள். ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்கள்.

எனக்குத்தான், என்று நினைத்தார் டவாலி. ஆனாலும், எத்தனையோ நாளாகக் கூப்பிட்டவர், ஒன்று அவருக்குத் தெரியும். கூப்பிடுகிறவன் ஆஜர் சொல்வதில்லை. என்னைக் கூப்பிடட்டும். நூறு தரம் கூப்பிடட்டும். வாயைத் திறக்க மாட்டேன். திறந்தாலும் குரலா வந்துவிடப் போகிறது?

கதவை இழுத்துச் சாத்தினார். மாடத்தில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அவ்வளவு அசதி. கண்ணை மூடினால் போதும் போல.

குழாய் மூச்சை உள்ளே இழுத்தது.

கூப்பிட்டது.

தகப்பன் பெயர் முதலில் வந்தது. அது அவருடைய தகப்பன் பெயர் இல்லை. அவருடைய மாமனார் பெயர்.

பிறகு அவள் பெயர்.

டவாலி, மாடத்திலிருந்து வாசலைப் பார்த்திருந்த வட்ட ஜன்னலுக்குப் பாய்ந்தார். கீழே, மழைக்குள், அவள் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் பை. ஒரு கையில் ஃபிளாஸ்க். தலையில் பிளாஸ்டிக் கவர். போர்ட்டிகோவை நோக்கி, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி. பெயரைக் கேட்டதும் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

அவர் கண்ணாடியில் அறைந்தார். சிவப்புக் கண்ணாடி. ஈயச் சட்டம். சாவிக்கொத்தால் குத்தினார். ஒரு துண்டு உடைந்து விழுந்தது. மழைச் சத்தத்தில் அது விழுந்த சத்தம் அவருக்கே கேட்கவில்லை. ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினார்.

காற்று.

இரண்டாவது தரம் கூப்பிட்டது. இழுத்து. கடைசி எழுத்தில் தட்டி. அவர் குரலை அவரைவிட நன்றாக.

அவள் போர்ட்டிகோவுக்குள் வந்துவிட்டாள். இப்போது கூடத்தின் வாசல் வழியாக அவள் தெரிந்தாள். பிளாஸ்டிக் கவரை எடுத்து உதறினாள். முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மலர்ந்துகொண்டிருந்தது. அவள் பக்கவாட்டில், துருவேறி ஒட்டிப்போன சின்னக் கதவு, சத்தமே இல்லாமல் திறந்திருந்தது.

படியிறங்கி ஓடலாம். அதற்குள் மூன்றாவது தரம் கூப்பிட்டுவிடும். அவள் பதில் சொல்லிவிடுவாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு முடியாது.

குரல் வேண்டும். ஒரே ஒரு வார்த்தைக்குக் குரல்.

குழாய் அங்கே விரிந்திருந்தது. காத்துக்கொண்டு. நேற்று அது அவர் சொன்னதைச் சொன்னபடியேதானே சொன்னது? ஓர் எழுத்து மாற்றவில்லையே.

உதட்டை அதில் வைத்தார். சில்லென்றிருந்தது. நுரையீரலில் இருந்த அத்தனையையும் திரட்டி, வராதே, போயிடு என்று ஊதினார்.

கட்டடம் அதிர்ந்தது.

அவருடைய குரல். அவருடைய மூச்சு. அவர் வாயிலிருந்தே போனது. ஆனால் கூடமெங்கும், தாழ்வாரமெங்கும், குவிமாடத்தின் உச்சிவரை எழும்பி நின்றது அவள் பெயர். மூன்றாம் தரம். ஆசையாக.

அவருக்குப் பின்னால் ஹாலில், நிறைய கால்கள் ஒரே நேரத்தில் சற்று ஒதுங்கும் சத்தம்.

கீழே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபிளாஸ்க்கைத் தூணடியில், ஆறிப்போன டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். சின்னக் கதவைப் பார்த்துத் திரும்பினாள். சிரித்தாள்.

"அடேயப்பா, குரல் வந்துடுச்சா உங்களுக்கு! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இன்னைக்குத்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறீங்க... இதோ, வந்துட்டேங்க!"